நாலு பென்சில் பேட்டரி, நாலு குரல்

ஒரு மேடையை நினைச்சுக்கோங்க. கிடார் இல்ல, கீபோர்டு இல்ல, டிரம்ஸ் இல்ல. ஒருத்தர் மட்டும் நிக்கிறார். கையில சாம்பல் நிறத்துல, செங்கல் மாதிரி ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டி. அதுல இருந்து ரெண்டு வயர் மிக்ஸருக்குப் போகுது. கட்டைவிரலால ஒரு பட்டனை அழுத்துறார். அவ்வளவுதான். ஹால் முழுக்க பேஸ் அதிருது, கூட்டம் குதிக்குது.

அந்தப் பெட்டி பேரு கேம் பாய். 1989-ல வந்த, கையில வெச்சு விளையாடுற வீடியோ கேம். இப்படிப் பழைய கேம் மெஷின்களோட சவுண்ட் சிப்பை வெச்சு இசை பண்றதுக்கு சிப் மியூசிக்னு பேர், சிப்ட்யூன்னும் சொல்வாங்க. போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வராம வீடியோ பார்த்துட்டு இருந்தப்போ இதுல போய் விழுந்தேன். விடியுற வரைக்கும் வெளிய வரல.

உங்கள்ல நிறைய பேர் கேம் பாயை நேர்ல பார்த்திருக்க மாட்டீங்க, நானும் பார்த்ததில்ல. ஆனா திருவிழாக் கடையில தொங்குமே, 9999 இன் 1-னு எழுதின பிரிக் கேம், அது நம்ம எல்லார் வீட்லயும் ஒரு காலத்துல இருந்திருக்கும். அதுல விழற கட்டைகளும் சரி, அந்தப் பெட்டியோட சாயலும் சரி, கேம் பாய் வழியா வந்தது தான்.

அந்தப் பெட்டியை யார் பண்ணாங்கன்னு தேடிப் போனா ஒரு மனுஷன் கிடைச்சார். அவர் பேரு குன்பெய் யோகோய். அவர் இசைக்கலைஞர் இல்ல. தன்னோட பெட்டி ஒருநாள் மேடை ஏறும்னு அவர் நினைச்சிருக்கவே மாட்டார். ஆனா அது மேடை ஏறினதுக்கு அவர் எடுத்த முடிவுகள் தான் காரணம்னு எனக்குத் தோணுது. பிளேஸ்மென்ட் டென்ஷன்ல இருக்கற, பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு பயப்படற ஒவ்வொருத்தரும் இவரோட கதையைத் தெரிஞ்சுக்கணும்.

சீட்டுக்கட்டு கம்பெனியில ஒரு எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்

யோகோய் பிறந்தது 1941, செப்டம்பர் 10. ஊர் ஜப்பான்ல இருக்கற கியோட்டோ. அதே ஊர்ல டோஷிஷா பல்கலைக்கழகத்துல எலக்ட்ரானிக்ஸ் படிச்சார். படிச்சு முடிச்சதும் நம்மள மாதிரியே பெரிய பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணார். ஒண்ணும் கிடைக்கல. கடைசில 1965-ல உள்ளூர்லயே ஒரு கம்பெனியில வேலை கிடைச்சுது. அந்தக் கம்பெனி பேரு நின்டெண்டோ.

நின்டெண்டோன்னதும் மரியோ, போக்கிமான்னு கற்பனை பண்ணிடாதீங்க. அப்போ அது 1889-ல ஆரம்பிச்ச ஒரு சீட்டுக்கட்டு கம்பெனி. ஹனஃபுடான்னு பூ படம் போட்ட ஜப்பான் சீட்டு தான் அவங்க தொழில். எலக்ட்ரானிக்ஸ் படிச்ச ஆளுக்கு அங்க என்ன வேலை? சீட்டு அச்சடிக்கற மெஷின்களைப் பார்த்துக்கணும். சுருக்கமா சொன்னா மெயின்டெனன்ஸ். மெஷின் ஒழுங்கா ஓடினா வேலையே இல்ல. ஓடலைன்னா தான் கூப்பிடுவாங்க.

நம்ம பேட்ச்ல யாருக்காவது இப்படி ஒரு ஆஃபர் வந்தா வாட்ஸ்அப் குரூப்ல என்ன கமென்ட் வரும்னு உங்களுக்கே தெரியும். வீட்ல சொந்தக்காரங்ககிட்ட சொல்லவே கூச்சப்படுவோம்.

வேலை இல்லாத நேரத்துல யோகோய் என்ன பண்ணார்? அங்க இருந்த கருவிகளை வெச்சு தன் பொழுதுபோக்குக்கு ஒரு பொம்மை செஞ்சார். கத்திரிக்கோல் மாதிரி குறுக்குக் குறுக்கா பட்டைகளைக் கோர்த்து, கைப்பிடியை அமுக்கினா நீண்டு போய் தூரத்துல இருக்கற பொருளைப் பிடிக்கற ஒரு நீட்டுக் கை. கம்பெனி முதலாளி ஹிரோஷி யமவுச்சி அதைப் பார்த்துட்டார். வேலை நேரத்துல விளையாடினதுக்குத் திட்டு விழும்னு எதிர்பார்த்தா, இதையே விக்கற பொருளா மாத்துன்னு உத்தரவு வந்துது. 1966-ல அல்ட்ரா ஹேண்ட்ங்கற பேர்ல அது கடைக்கு வந்து, 10 லட்சத்துக்கும் மேல வித்துது. மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் அன்னையில இருந்து பொம்மை டிசைனர் ஆயிட்டார்.

இடது பக்கம் மட்டும் திரும்பற கார்

அடுத்து அவர் பண்ண ஒவ்வொண்ணையும் பாருங்க, ஒரு பேட்டர்ன் தெரியும்.

1969-ல லவ் டெஸ்டர். ஒரு பையனும் பொண்ணும் ஆளுக்கொரு உலோகக் குண்டைப் பிடிச்சுட்டு, இன்னொரு கையால ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கணும். முள் காதலோட அளவைக் காட்டும். உள்ள என்னன்னு நீங்க இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. உடம்பு வழியா போற சின்னக் கரன்ட்டை அளக்கற ஒரு மீட்டர், அவ்வளவுதான். முதல் வருஷ லேப்ல நாம தொட்டுப் பார்த்த அதே சமாச்சாரம். பொண்ணுங்க கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேணும்னு தான் அதை யோசிச்சேன்னு அவரே பின்னாடி ஒத்துக்கிட்டார்.

1972-ல லெஃப்டி ஆர்எக்ஸ். அப்போ ரிமோட் கார் எல்லாம் பணக்கார வீட்டுப் பசங்களுக்குத் தான். முன்ன, பின்ன, இடது, வலதுன்னு ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனி சேனல் வேணும், அதனால விலை ஏறிடும். யோகோய் ஒரே ஒரு சேனலை மட்டும் வெச்சுக்கிட்டார். கார் நேரா போகும், பட்டனை அழுத்தினா இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. ஆனா ரேஸ் டிராக் வட்டமா தானே இருக்கு? ஒரே பக்கம் திரும்பினா போதுமே! விலை குறைஞ்சுது, சாதாரண வீட்டுப் பசங்களும் ரேஸ் விட்டாங்க.

எல்லாமே ஜெயிச்சுதுன்னு நினைச்சுக்காதீங்க. சோலார் செல்லை சென்சாரா வெச்சு அவர் பண்ண ஒளித் துப்பாக்கி பொம்மை நல்லாப் போச்சு. அதைப் பெருசாக்கி, ஈ ஓட்டிட்டு இருந்த பவுலிங் கூடங்களை எல்லாம் துப்பாக்கி சுடற கூடங்களா மாத்தினாங்க. அது வந்தது 1973. அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி. ஆர்டர் எல்லாம் ரத்து, கம்பெனி கடன்ல மாட்டிக்கிச்சு. அப்பவும் அவர் அங்கேயே இருந்தார்.

ரயில்ல ஒரு கால்குலேட்டர்

எழுபதுகளோட கடைசி. ஷின்கான்சென் ரயில்ல யோகோய் போய்ட்டு இருக்கார். எதிர்ல ஒரு ஆபீஸ் ஆள், போரடிக்குதுன்னு கால்குலேட்டர் பட்டனை சும்மா தட்டிட்டே வர்றார். நாமளா இருந்தா பார்த்துட்டு விட்டுருப்போம். யோகோய் யோசிச்சார். பெரியவங்க யார் கண்ணுலயும் படாம, கைக்குள்ள மறைச்சு விளையாட ஒரு கேம் இருந்தா?

கொஞ்ச நாள் கழிச்சு முதலாளியோட டிரைவருக்கு உடம்பு சரியில்ல. அந்த வெளிநாட்டுக் காரை ஓட்டத் தெரிஞ்ச ஆள்னு யோகோயைக் கூப்பிட்டாங்க. காடிலாக்கை ஓட்டிட்டே, பேச்சுவாக்குல இந்த ஐடியாவை சொல்லி வெச்சார். யமவுச்சி பெருசா கண்டுக்கல. ஆனா அன்னைக்கு அவர் போன மீட்டிங்ல பக்கத்துல உட்கார்ந்தவர் ஷார்ப் கம்பெனித் தலைவர். கால்குலேட்டர் சண்டையில ஷார்ப்பும் கேசியோவும் போட்டி போட்டு விலையை இறக்கி, எல்சிடி திரையும் சிப்பும் மலிஞ்சு கிடந்த நேரம் அது. கொஞ்ச நாள்ல ஷார்ப் ஆளுங்க நின்டெண்டோவுக்கே வந்துட்டாங்க.

1980-ல கேம் அண்ட் வாட்ச் வந்துது. ஒரு கேம், கூடவே கடிகாரம். உள்ள இருக்கறது கால்குலேட்டர் சாமான் தான். அந்த வரிசை மொத்தமா 4 கோடிக்கும் மேல வித்துது. 1982-ல டாங்கி காங் கேமை அதுல கொண்டு வரும்போது ஒரு சிக்கல் வந்துது. ஜாய்ஸ்டிக்கை வெச்சா மூடி மூடாது, பாக்கெட்ல போக முடியாது. அதுக்காக யோகோய் தட்டையா ஒரு கூட்டல் குறி பட்டனைப் பண்ணார். இன்னைக்கு நீங்க எந்த கேம் கன்ட்ரோலரை எடுத்தாலும் இடது கட்டைவிரலுக்குக் கீழ இருக்கே, அந்த டி-பேட் தான் அது.

வாடின தொழில்நுட்பம்

இப்போ அந்தப் பேட்டர்ன் என்னன்னு சொல்லிடறேன். யோகோய் தன் வழிக்கு ஒரு பேர் வெச்சிருந்தார். வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டுல யோசிச்சுப் பயன்படுத்தறதுன்னு அதைத் தமிழ்ல சொல்லலாம்.

வாடிப்போனதுன்னா வீணாப் போனதுன்னு அர்த்தம் இல்ல. எல்லாருக்கும் பழகின, விலை இறங்கின, எங்க கெடும் எப்படிக் கெடும்னு முழுசாத் தெரிஞ்ச தொழில்நுட்பம். புதுசுக்கு எல்லாரும் ஓடும்போது, இது ஓரமா கிடக்கும். அதை எடுத்து, யாரும் யோசிக்காத ஒரு இடத்துல வெக்கணும். கால்குலேட்டர் திரையில கணக்குக்குப் பதிலா விளையாட்டு. மீட்டர்ல கரன்ட்டுக்குப் பதிலா காதல். புதுமை பாகத்துல இருக்க வேண்டியதில்ல, அதை வெக்கற இடத்துல இருந்தா போதும்.

படிக்கும்போது ரொம்ப ஈஸியாத் தெரியும். ஆனா சுத்தி இருக்கறவங்க எல்லாரும் லேட்டஸ்ட்டா எதையோ காட்டும்போது, பழசைக் கையில வெச்சுட்டு நிக்க எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

கலர் இல்லாத பெட்டி

அந்த தைரியத்துக்கு வந்த பெரிய பரீட்சை தான் கேம் பாய். யோகோய் தலைமையில இருந்த முதல் ஆராய்ச்சிப் பிரிவு அதைப் பண்ணுச்சு. சடோரு ஒகாடா கூட இருந்த முக்கியமான இன்ஜினியர். கேம் அண்ட் வாட்ச்ல ஒரு மெஷினுக்கு ஒரு கேம் தான். இதுல கேட்ரிட்ஜை மாத்தி மாத்தி எந்த கேமும் போடலாம்.

ஸ்பெக்கைப் பார்த்தா சிரிப்பு வரும். 160-க்கு 144 பிக்சல். கலர் கிடையாது, பச்சை கலந்த நாலே நாலு ஷேட். திரைக்குப் பின்னாடி லைட் கிடையாது, இருட்டுல ஒண்ணும் தெரியாது. 8 கேபி மெயின் மெமரி. பிராசசர் சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ்ல ஓடற ஷார்ப்போட 8 பிட் சிப். அந்த சிப் இன்டெல் 8080, இசட் 80 ரெண்டோட கலவை மாதிரி. அதாவது நம்ம மைக்ரோபிராசசர் லேப்ல கிட்ல ஹெக்ஸ் கோடு தட்டித் தட்டித் திட்டினோமே, அந்த 8085-க்கு சித்தப்பா பையன் முறை. 1989-லயே அது பழசு.

கலர் திரை அப்போ கிடைக்காம இல்ல. அதே 1989-ல அடாரி லிங்க்ஸ் கலர்ல வந்துது. அடுத்த வருஷம் சேகாவோட கேம் கியரும் கலர்ல வந்துது. ரெண்டுக்கும் ஆறு பேட்டரி, அதுவும் சில மணி நேரத்துல காலி. கேம் பாய்க்கு நாலு பென்சில் பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். அமெரிக்காவுல லிங்க்ஸ் விலை கிட்டத்தட்ட 180 டாலர், கேம் பாய் 90 டாலர். போட்டிக் கம்பெனி ஒண்ணு இதே மாதிரி கொண்டு வருதுன்னு கூட வேலை பார்த்தவர் பதறி ஓடி வந்தப்போ, அது கலரான்னு மட்டும் யோகோய் கேட்டாராம். ஆமான்னதும், அப்போ நமக்குக் கவலை இல்லன்னு சொல்லிட்டாராம்.

கலர் இல்லாம எப்படிங்கற கேள்விக்கு அவர்கிட்ட அழகான பதில் ஒண்ணு இருந்துது. கரும்பலகையில ரெண்டு வட்டம் போட்டு இதான் பனி மனிதன்னு சொன்னா, பார்க்கறவங்க மனசு தானாவே அதுக்கு வெள்ளை பூசிக்கும்ங்கறது அவர் கணக்கு. விளையாட்டு நல்லா இருந்தா மிச்சத்தை மனசு பார்த்துக்கும்.

ஆனா எல்லாம் நேராப் போகல. திரையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பார்த்தா படமே தெரியலன்னு யமவுச்சி கடைசி நேரத்துல கோவப்பட்டார். வேற வகை எல்சிடிக்கு மாறி, ஒருவழியா 1989 ஏப்ரல் 21-ம் தேதி ஜப்பான்ல கேம் பாய் கடைக்கு வந்துது. விலை 12,500 யென். பின்னாடி வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து மொத்தம் 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல வித்திருக்கு. கலர்ல வந்த போட்டிக்காரங்க ஒருத்தரும் பக்கத்துல கூட வரல.

நாலு குரல்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம், சத்தம். கேம் பாயோட சவுண்ட் பகுதியை டிசைன் பண்ணவர் யோகோய் டீம்ல இருந்த ஹிரோகாசு தனகா. இன்ஜினியரும் அவரே, இசையமைப்பாளரும் அவரே. மின்சாரத்தையும் விலையையும் மிச்சம் பிடிக்கற அந்தப் பெட்டிக்குள்ள அவர் வெச்சது மொத்தம் நாலு சேனல்.

முதல் ரெண்டும் பல்ஸ் அலை. சிக்னல்ஸ் பேப்பர்ல படிச்ச சதுர அலை தான். டியூட்டி சைக்கிளை 12.5, 25, 50, 75 சதவீதம்னு மாத்தலாம். 50-ல வெச்சா குழல் மாதிரி உருண்டையா கேக்கும், 12.5-ல வெச்சா மூக்கால பாடற மாதிரி மெலிசாகிடும். மூணாவது, நாமே வரைஞ்சுக்கற அலை. 32 புள்ளி, ஒவ்வொண்ணும் 4 பிட். எந்த வடிவத்தை எழுதினாலும் அதை சத்தமாக்கும், பேஸ் பெரும்பாலும் இங்க இருந்து தான் வரும். நாலாவது இரைச்சல். ஷிஃப்ட் ரெஜிஸ்டர்ல பிட்டுகளை சுத்தவிட்டு எடுக்கற ஒரு உஸ்ஸ் சத்தம். அதை சட்டுனு வெட்டினா டிரம்ஸ் ஆகிடும்.

ஒரே நேரத்துல நாலு சத்தம் தான் வரும். மெலடிக்கு ஒண்ணு, பேஸுக்கு ஒண்ணு, டிரம்ஸுக்கு ஒண்ணு போனா கார்டு வாசிக்க மூணு குரல் எங்க இருக்கு? அதனால மூணு ஸ்வரத்தையும் ஒரே சேனல்ல கண்ணிமைக்கற வேகத்துல மாத்தி மாத்தி வாசிப்பாங்க. காது அதை ஒரு கார்டா சேர்த்துக்கும். சிப் மியூசிக்ல ஒரு மினுமினுப்பு கேக்குதே, அது இந்தப் பற்றாக்குறையில இருந்து பிறந்தது தான். பனி மனிதனுக்கு மனசு வெள்ளை பூசற மாதிரி, இங்க காது மிச்சத்தை நிரப்பிக்குது.

ஸ்பீக்கர்ல மோனோ தான், ஆனா ஹெட்போன் மாட்டினா ஸ்டீரியோ. கூடவே பக்கவாட்டுல ஒரு லிங்க் போர்ட், ரெண்டு கேம் பாயைக் கேபிளால இணைக்க. இந்த ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சிவப்புத் திரையும் கடைசிப் பயணமும்

1995-ல யோகோய் வர்ச்சுவல் பாய் கொண்டு வந்தார். கண்ணை உள்ள வெச்சுப் பார்த்தா முப்பரிமாணத்துல தெரியும். சிவப்பு நிறம் மட்டும். மேஜை மேல ஸ்டாண்டு போட்டுக் குனிஞ்சு பார்க்கணும். தலை வலிக்குதுன்னு ஜனங்க சொன்னாங்க. உலகம் முழுக்க 8 லட்சம் கூட விக்கல, ஒரு வருஷத்துக்குள்ள நிறுத்திட்டாங்க. இங்க அவரோட வழியே அவருக்குக் கைகொடுக்கல. எல்இடி பழசு தான், மலிவு தான். ஆனா அதை வெச்ச இடத்துல மனுஷங்களால சௌகரியமா உட்கார முடியல. ஹீரோ பண்ணதால இதையும் சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அடுத்து, ஒல்லியான கேம் பாய் பாக்கெட்டை முடிச்சுக் கொடுத்துட்டு, 1996 ஆகஸ்ட்ல 31 வருஷம் வேலை பார்த்த இடத்தை விட்டு வெளிய வந்தார். வர்ச்சுவல் பாய் தோல்வியால தான் போனார்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அது காரணம் இல்ல, தனியா போகணும்னு முன்னாடியே நினைச்சிருந்தேன்னு தான் அவர் சொன்னார். கியோட்டோவுல கோட்டோன்னு ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிச்சு, பண்டாய் கம்பெனிக்காக ஒரு புது கையடக்க மெஷின்ல வேலை பார்த்தார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா பகுதியில ஹோகுரிகு நெடுஞ்சாலையில காருல போய்ட்டு இருந்தார். முன்னாடி போன வண்டியோட ஒரு மோதல். என்ன ஆச்சுன்னு பார்க்கக் கீழ இறங்கினார். பின்னாடி வந்த வேற ஒரு கார் அவர் மேல மோதிடுச்சு. அப்போ அவருக்கு 56 வயசு.

அவர் வேலை பார்த்த மெஷின் 1999-ல வொண்டர்ஸ்வான்ங்கற பேர்ல வந்துது. அது ஓட எத்தனை பேட்டரி தெரியுமா? ஒரே ஒரு பென்சில் பேட்டரி. கடைசி வரைக்கும் மனுஷன் மாறல. அதோட வந்த ஒரு பஸில் கேமுக்கு அவர் ஞாபகமா குன்பெய்னே பேர் வெச்சாங்க.

அவர் கேக்காத பாட்டு

அவர் இறந்த அடுத்த வருஷம், 1998. ஜெர்மனியில ஆலிவர் விட்சோவ்ங்கற ஒரு ஓவியக் கல்லூரி மாணவர், கேம் பாய்ல இசை பண்ண நானோலூப்னு ஒரு கேட்ரிட்ஜ் பண்ணார். திரையில பதினாறு கட்டம், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்வரம், அது சுத்திக்கிட்டே இருக்கும். 2000-ல ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி, எல்எஸ்டிஜேங்கற சாஃப்ட்வேரைக் கொண்டு வந்தார். திரையில நாலு பத்தி, நாலு சேனலுக்கு. பதினாறு வரி ஒரு ஃபிரேஸ், அந்த ஃபிரேஸ்களைக் கோர்த்தா செயின், செயின்களைக் கோர்த்தா பாட்டு. எல்லா நம்பரும் ஹெக்ஸாடெசிமல். இசையும் அசெம்பிளி லாங்குவேஜும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம் ஆளாளுக்கு ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் எடுத்துட்டாங்க. என்னென்ன பண்ணாங்கன்னு பாருங்க, எல்லாமே நம்ம லேப்ல செய்யற அளவு வேலை தான்.

முதல்ல ப்ரோசவுண்ட். கேம் பாய்ல சிப்புல இருந்து வர்ற சத்தம் வால்யூம் சக்கரம் வழியா ஆம்ப்ளிஃபயருக்குப் போய், அப்புறம் தான் ஹெட்போனுக்கு வரும். அந்த ஆம்ப்ளிஃபயர்ல இரைச்சல் ஏறிடும். அதனால சக்கரத்துக்கு முன்னாடியே இடது, வலது, கிரவுண்டுன்னு மூணு வயரை சால்டர் பண்ணி, தனி ஜாக்ல வெளிய எடுத்துடுவாங்க. சத்தம் சுத்தமா மிக்ஸருக்குப் போகும். ஹெட்போனுக்காக வெச்ச ஸ்டீரியோ இங்க தான் உதவுது.

ரெண்டாவது பேக்லைட். மேடை இருட்டா இருக்கும், யோகோய் லைட்டே வெக்கல. எல்சிடிக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற பளபளப்புத் தாளைப் பொறுமையா உரிச்சுட்டு, எல்இடி பேனலையும் ஒரு போலரைசர் தாளையும் சொருகுவாங்க. படம் இன்னும் பளிச்சுனு தெரிய, கருப்பு வெள்ளையைத் தலைகீழாக்குற ஒரு ஐசியும் போடுவாங்க. எந்த ஐசி? 74 எச்சி 04. டிஜிட்டல் லேப்ல முதல் வாரம் கொடுப்பாங்களே, அதே நாட் கேட்!

மூணாவது கிளாக். கிரிஸ்டலைக் கழட்டிட்டு, குமிழ் திருகினா வேகம் மாறுற ஆசிலேட்டரைப் போட்டா, பாட்டோட சுருதியும் வேகமும் சேர்ந்தே ஏறி இறங்கும். அப்புறம் லிங்க் கேபிள். ரெண்டு பேர் சண்டை போட வெச்ச அந்த போர்ட்ல ரெண்டு கேம் பாயை ஒரே தாளத்துல ஓட வெக்கறாங்க. நாலு குரல் எட்டாகும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சிப் மியூசிக் ஆளுங்க நிறைய பேர் தேடறது பின்னாடி வந்த ஒல்லியான மாடலையோ கலர் மாடலையோ இல்ல. 1989-ல வந்த அந்த குண்டு சாம்பல் பெட்டியைத் தான். பேஸ் அதுல தான் நல்லா கேக்கும்ங்கறாங்க. கோடிக்கணக்குல வித்ததால அது இன்னும் கிடைக்குது. பசங்க கீழ போட்டாலும் தாங்கற மாதிரி பண்ணதால இன்னும் ஓடுது. பிளாஸ்டிக்கைத் திறந்தா உள்ள இருக்கறது நம்ம கண்ணுக்குப் புரியுது. சிக்கனத்துக்காக யோகோய் எடுத்த ஒவ்வொரு முடிவும், அவரே நினைக்காத ஒரு வாத்தியத்தை உருவாக்கிடுச்சு.

அந்த நாலு குரலை முதல்ல உருவாக்கின ஹிரோகாசு தனகா இருக்காரே, அவரும் இப்போ சிப் தனகாங்கற பேர்ல மேடை ஏறி வாசிக்கிறார், ஆல்பம் போடறார். யோகோய் மட்டும் தான் இதைக் கேக்க இல்ல. அந்த ஒரு விஷயம் என்னை என்னவோ பண்ணுது.

நம்ம டேங்க் கதை

கடைசியா நம்ம ஊர் கதை ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். எங்க டீமோட ஃபைனல் இயர் பிராஜெக்ட், ஹாஸ்டல் தண்ணி டேங்க் காலியாகறதுக்கு முன்னாடியே மெசேஜ் அனுப்பற ஒரு சிஸ்டம். சோப்பு போட்டுட்டு நின்னவங்களுக்கு இதோட அருமை தெரியும். முதல்ல நாங்க யோசிச்சது ஒரு ஃப்ளோட் சுவிட்ச், ஒரு 8 பிட் மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல். முதல் ரிவ்யூவுல இதுல புதுசா என்ன இருக்கு, ஏஐ எங்கன்னு கேள்வி வந்துது. அவமானமாப் போச்சு. உடனே கேமரா வெச்சோம், மாடல் ட்ரெயின் பண்ணோம், கடன் வாங்கி ஒரு போர்டு வாங்கினோம். பகல்ல ஓரளவு வேலை செஞ்சுது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டேங்க் உள்ள இருட்டு. காலியான டேங்க்கை நிறைஞ்சிருக்குன்னு சொல்லுச்சு. அடுத்த நாள் காலையில மூணாவது மாடி முழுக்க எங்களைத் தேடிட்டு இருந்தாங்க.

யோகோய் பத்திப் படிச்சது அந்த வாரம் தான். படிச்சு முடிச்சுட்டு மொட்டை மாடிக்குப் போய் கேமராவைக் கழட்டிட்டேன். அடுத்த ரிவ்யூ இன்னும் ரெண்டு வாரத்துல. டீம்ல ஒருத்தனுக்கு இன்னும் பயம் தான், மார்க் குறைஞ்சா அவன் சிஜிபிஏ அடி வாங்கும். எனக்கும் பயம் இருக்கு. ஆனா ஃப்ளோட் சுவிட்சோட தான் உள்ள போகப் போறோம். புதுசு எங்கன்னு கேட்டா, தண்ணி எப்பவும் இருக்கும், அது இந்த ஹாஸ்டலுக்குப் புதுசுன்னு சொல்றதா உத்தேசம்.

உங்க வீட்டுப் பரண்ல அந்த பிரிக் கேம் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்க்ரூடிரைவர் என்கிட்ட இருக்கு. பி பிளாக்ல ரெண்டாவது மாடிக்கு எடுத்துட்டு வாங்க, சேர்ந்து திறந்து பார்ப்போம். நாலு குரல் இருக்காது, ஒரு பீப் சத்தம் தான் இருக்கும். பரவாயில்ல, ஒண்ணுல இருந்து ஆரம்பிப்போம்.